மூன்று மொழி, இரண்டு எழுத்து, ஒரே பிள்ளை: வாசிப்பு எப்படி வருகிறது?

மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முதலாம் ஆண்டில் சேரும் ஏழு வயதுப் பிள்ளை ஒரே சமயத்தில் மூன்று மொழிகளில் வாசிக்கப் பழக வேண்டும்: தமிழ், மலாய், ஆங்கிலம். தமிழுக்குத் தமிழ் எழுத்து. மற்ற இரண்டுக்கும் ரோமன் எழுத்து. எழுத்து ஒன்றுதானே, ஒன்றைப் படித்தால் இன்னொன்று தானாக வந்துவிடும், வேலை பாதிதான் என்று நமக்குத் தோன்றும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

சி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளைப் பலகையில் எழுதுங்கள். ஆங்கிலப் பாடவேளையில் அது 'கேட்', பூனை. அடுத்த பாடவேளையில் மலாய் ஆசிரியர் வந்ததும் அதே மூன்று எழுத்துகள் 'சாட்' ஆகிவிடுகின்றன. சுவருக்கு அடிக்கிற பெயிண்ட். ஏ, ஐ, ஆர் என்று எழுதினால் ஆங்கிலத்தில் காற்று. மலாயில் அதை 'ஆயேர்' என்று வாசிக்க வேண்டும், பொருள் தண்ணீர். இதில் ஒரு பிள்ளை தடுமாறினால் அதற்கு எழுத்து தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. எழுத்து நன்றாகவே தெரியும். எந்த மொழியின் கணக்குப்படி ஒலிப்பது என்பதில்தான் குழப்பம். ஒவ்வொரு மொழிக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அது பிடிபட்டால், ஒரு மொழியில் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை இன்னொரு மொழியில் ஏன் காலை வாருகிறது என்பதும் பிடிபடும்.

முதலில் வாசிப்பு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். இதை வாய்விட்டுப் படியுங்கள்: 'சாயா மாக்கான் நாசி.' தமிழ் எழுத்து தெரிந்த யாரும் தடையில்லாமல் படித்துவிடுவார்கள். மலாய் தெரியாதவர்களுக்கு ஒன்றும் விளங்காது. 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்று அர்த்தம். இப்போது நீங்கள் செய்தது வாசிப்பா என்று கேட்டால், பாதி வாசிப்பு. எழுத்தை ஒலியாக்குவது ஒரு திறமை. அந்த ஒலியிலிருந்து பொருளை எடுப்பது வேறொரு திறமை. ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு சின்னச் சமன்பாடாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவது வாசிப்பு. அவர்கள் கூட்டல் குறி போடாமல் பெருக்கல் குறி போட்டதைக் கவனிக்க வேண்டும். கூட்டலில் ஒன்று பூஜ்யமானாலும் மற்றது மிஞ்சும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். 'எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா பாடம் புரியல' என்று சொல்லப்படும் பிள்ளையும், 'வாயால கேட்டா டக்குனு சொல்றான், புத்தகத்தைக் கொடுத்தா முழிக்கிறான்' என்று சொல்லப்படும் பிள்ளையும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். இரண்டு பேருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றல்ல.

எழுத்தை ஒலியாக்கும் பாதியில்தான் மொழிக்கு மொழி பெரிய வேறுபாடு. ஓர் எழுத்து பேச்சின் எந்த அளவுத் துண்டைக் குறிக்கிறது என்பது முதல் கேள்வி. ஜப்பானிய மொழியின் ஹிரகானா என்ற எழுத்துமுறையில் 46 அடிப்படை எழுத்துகள். 'க' ஒரு வடிவம், 'கி' அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத இன்னொரு வடிவம். சீனத்தில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரு முழு அசை, கூடவே ஒரு பொருள். அதனால்தான் சீனக் குழந்தைகளுக்கு ஒன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே 'பின்யின்' என்ற ரோமன் எழுத்து முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை ஊன்றுகோலாக வைத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகிறார்கள். 1958இல் வந்த ஏற்பாடு அது. ரோமன் எழுத்தோ பேச்சை இன்னும் சன்னமாக நறுக்குகிறது. 'க' என்பதற்குள் இருக்கும் 'க்', 'அ' இரண்டுக்கும் தனித்தனி எழுத்து.

தமிழ் நடுவில் நிற்கிறது. 'க' என்று முழு அசையை எழுதுகிறோம். ஆனால் 'கி', 'கு', 'கே' எல்லாவற்றிலும் ககரத்தின் முகம் தெரிகிறது. புள்ளி வைத்தால் உயிர் போய் 'க்' மட்டும் நிற்கிறது. க் + அ = க என்று ஒன்றாம் வகுப்பிலேயே எழுதிப் போடுகிறோமே, அது சாதாரண விஷயம் இல்லை. பேச்சை அவ்வளவு சிறிதாக நறுக்கிப் பார்க்கும் வழக்கம் மனிதருக்கு இயல்பாக வருவதில்லை. போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்களிடம் 1979இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோரால் முடியவில்லை. அதே பின்னணியில் வளர்ந்து, வயதான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கு முடிந்தது. சீனாவில் இன்னும் சுவாரசியம்: பல ஆண்டுகளாகச் சீன எழுத்தைச் சரளமாக வாசித்து வந்தவர்களிலும் பின்யின் கற்காதவர்களுக்கு இது கடினமாக இருந்தது, கற்றவர்களுக்கு எளிதாக வந்தது. அதாவது, இந்தக் காது எழுத்தால் உண்டாகிறது, அதுவும் பேச்சைச் சின்ன ஒலிகளாக நறுக்கும் வகை எழுத்தால். தமிழில் நம் பிள்ளைகளுக்கு அதில் பாதி இலவசமாகவே கிடைக்கிறது. உயிர்மெய் அட்டவணையை ராகம் போட்டுப் பாடவைப்பதோடு நிறுத்திவிட்டால் அதை வீணடிக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கேள்வி: எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் எவ்வளவு நாணயமானது? ஃபின்னிஷ் மொழியில் ஏறக்குறைய ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. ஆங்கிலம் எதிர்க்கோடி. 13 ஐரோப்பிய மொழிகளில் குழந்தைகள் முதல் வகுப்பு முடிவில் எப்படி வாசிக்கிறார்கள் என்று ஒப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஃபின்னிஷ், கிரேக்கம், ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் குழந்தைகள் பழக்கமான சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலத்தில் படித்த குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குதான் சரியாக வாசித்தார்கள். அவர்களுக்குத் தாய்மொழியே ஆங்கிலம் என்பதை நினைவில் வையுங்கள். தமிழில் சரளமாகப் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் திணறினால், பிள்ளை மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த எழுத்துமுறை மேல் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

ஆங்கிலம் ஏன் இப்படி ஆனது? கேக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அதற்குப் பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்தது. உச்சரிப்பு உறையவில்லை, நெடில் உயிரொலிகள் ஏறக்குறைய எல்லாமே இடம் மாறின. 'நைட்' என்ற வீரனின் முன்னால் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் வாயிலும் ஒலித்ததுதான். ஆனாலும் ஆங்கிலத்தை வெறும் குப்பை என்று தள்ளிவிடவும் முடியாது. 'சைன்' என்ற சொல்லில் ஒலிக்காமல் கிடக்கும் 'ஜி', 'சிக்னல்' என்று நீளும்போது எழுந்து ஒலிக்கிறது. ஒலி மாறினாலும் உறவைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து அது. கொஞ்சம் வளர்ந்த மாணவர்களுக்கு இதைச் சொன்னால் 'ஸ்பெல்லிங்' மேல் உள்ள வெறுப்பு பாதி குறையும்.

சரி, இனி சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வருவோம். தமிழில் 'எழுத்துக் கூட்டிப் படி' என்கிறோம். பிள்ளை 'க, ட, இல்... கடல்' என்கிறது. இது நடப்பதற்கு ஒரே காரணம், தமிழில் எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மெய்யைக்கூட 'இக், இங், இச்' என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்துச் சொல்கிறோம், அவ்வளவே. இந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கில வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். 'சி-ஏ-டி கேட், ஆர்-ஏ-டி ரேட்' என்று வகுப்பே சேர்ந்து கத்துகிறது. ஆனால் 'சீ, ஏ, டீ' என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'கேட்' வராது, 'சீயேடீ'தான் வரும். பிள்ளை அங்கே எழுத்தைக் கூட்டவில்லை, பாட்டை மனப்பாடம் செய்கிறது. நூறு சொல் வரை இந்த வண்டி ஓடும். அப்புறம் புதிய சொல் ஒன்று வந்ததும் நின்றுவிடும்.

ஆங்கிலத்தில் முதலில் தர வேண்டியது எழுத்தின் பெயரை அல்ல, ஒலியை. ஃபோனிக்ஸ் என்பது இதுதான். 'எஸ், ஏ, டி, பி, ஐ, என்' என்ற ஆறு எழுத்துகளோடு தொடங்கும் முறை ஒன்று பரவலாக இருக்கிறது. அகரவரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காரணம், இந்த ஆறும் கைக்கு வந்தாலே சேட், பின், டேப், நேப் என்று பல சொற்களைப் பிள்ளை தானே கண்டுபிடித்து வாசிக்கலாம். இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டு முடிவில் 40 சொற்கள் கொண்ட ஒரு சோதனை வைக்கிறார்கள். அதில் பாதி அர்த்தமே இல்லாத பொய்ச் சொற்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் காரியம் இருக்கிறது: இல்லாத சொல்லை யாராலும் மனப்பாடம் செய்து வைத்திருக்க முடியாது. அதை வாசித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒலியாக்கத் தெரியும், சந்தேகமில்லை. 'ஒன்', 'டூ', 'வாஸ்', 'செட்' போல எந்தக் கணக்குக்கும் அடங்காத சொற்கள் உண்டு. அவற்றைத் தனியாக, வாரத்துக்குச் சிலவாக, முகம் பார்த்துப் பழக்க வேண்டியதுதான். வேறு வழியில்லை.

இதே ஃபோனிக்ஸை மலாய்க்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. மலாய்ச் சொற்கள் பெரும்பாலும் 'பா, பி, பு' போன்ற எளிய அசைகளால் ஆனவை. பு-கு, பா-ஜு, போ-லா என்று அசை பிரித்தே படிக்கப் பழக்குகிறார்கள். உயிர்மெய் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது வீட்டுச் சாப்பாடு மாதிரி. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரேரே என்ற கல்வியாளர் 1963இல் ஆங்ஜிக்கோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் திட்டமும் இந்த அசை முறையில் நடந்ததுதான். செங்கல்லுக்குப் போர்ச்சுக்கீசில் 'டிஜோலு'. அதை மூன்றாக உடைத்து, முதல் துண்டிலிருந்து 'ட, டே, டி, டோ, டு' என்று ஒரு குடும்பத்தை எழுதுவார்கள். இரண்டாம் துண்டுக்கு ஒரு குடும்பம், மூன்றாவதற்கு ஒன்று. பிறகு அந்தத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துப் புதிய சொற்களைத் தொழிலாளர்களே உருவாக்குவார்கள். பார்த்தால் நம் உயிர்மெய் வரிசைதான். ஃப்ரேரேயைப் பற்றிப் பேசும்போது அவருடைய அரசியலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அந்த மொழியின் எழுத்து இதற்கு எவ்வளவு தோதாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவர் இதே வேலையை அதே வேகத்தில் செய்திருக்க முடியாது.

மலாயிலும் கண்ணிகள் உண்டு. 'இ' என்ற ரோமன் எழுத்துக்கு அங்கே இரண்டு ஒலி. 'பெராங்' என்ற சொல்லில் அதை மங்கலாக ஒலித்தால் போர், தெளிவான ஏகாரமாக ஒலித்தால் பழுப்பு நிறம். எழுத்தில் இரண்டும் ஒன்று. தமிழ்ப் பிள்ளைக்கென்றே ஒரு தனிக் கண்ணியும் இருக்கிறது: பூவுக்கு மலாயில் 'என்-ஜி' போட்டு எழுதும் 'புஙா' என்ற சொல். அதில் ஙகரம் மட்டும்தான், ககரம் கிடையாது. ஆனால் தமிழில் 'ங்' வந்தால் பின்னாலேயே 'க' வந்து பழக்கம், அதனால் வாய் 'புங்கா' என்று இழுக்கும். மாங்காய்க்கு 'என்-ஜி-ஜி' போட்டு எழுதுவார்கள். அங்கே 'மாங்கா' என்று ககரம் கேட்டே ஆக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை காட்டிவிட்டால் போதும். காட்டாமல் விட்டால் வளர்ந்த பிறகும் போகாது.

இனி தமிழ். எழுதியபடி வாசிக்கும் மொழி, எனவே எளிது என்பது முழு உண்மை அல்ல. 'பம்பரம்' என்ற சொல்லைப் பாருங்கள். ஒரே பகரம் இரண்டு தடவை வருகிறது. முதலாவது வல்லோசை, இரண்டாவது மெல்லோசைக்குப் பின் குழைந்த ஓசை. தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இந்த வேறுபாடு காதிலேயே விழாது. தமிழை வெளியிலிருந்து கற்பவர் முதல் வாரமே கேட்டுவிடுவார். ககரம் இன்னும் மோசம்: கடல், பக்கம், தங்கம், அகம் என்று இடத்துக்கு இடம் ஒலி மாறுகிறது. நல்லவேளையாக இதற்கு விதி இருக்கிறது. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வலிது, மூக்கொலிக்குப் பின் குழைந்தது, இரண்டு உயிர்களுக்கு நடுவே மிக மெல்லியது. வந்த சொற்கள்தான் விதியை மீறுகின்றன. 'பஸ்', 'காந்தி' இரண்டையும் சொல் தெரிந்தவரால் மட்டுமே சரியாக வாசிக்க முடியும். 'பாவம்' என்று எழுதியிருந்தால் அது இரக்கப்பட வேண்டிய பாவமா, நடனத்தில் முகத்தில் காட்டும் பாவமா என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

வடிவத்திலும் ஒரு சிக்கல். 'கொடி' என்பதில் கண் முதலில் பார்ப்பது ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். வாய் சொல்வதோ ககரத்தை முதலில். தொடக்க நிலையில் சில பிள்ளைகள் 'கெ... ஆ...' என்று இரண்டாகப் பிரித்து வாசித்துவிட்டு முழிப்பது இதனால்தான். இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்காமல் 'கொ' என்பதை ஒரே படமாகக் காட்டிப் பழக்குவது நல்லது. அதேபோல 247 என்ற எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தவும் தேவையில்லை. உயிரும் மெய்யும் துணைக்குறிகளும் தெரிந்துவிட்டால் பெரும்பாலானவை தாமே அமைகின்றன. உகர, ஊகார வரிசைகள்தான் உண்மையில் மனப்பாடம் கேட்கின்றன. கு, டு, மு ஒரு ஜாதி. சு, பு, வு இன்னொன்று. து, நு, லு வேறு. முன்பு ணா, றா, னா, லை போன்றவையும் தனி வடிவங்களில் இருந்தன. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் அந்தச் சுமையைக் குறைத்தது. தொடங்குவதற்கு ட, ப, ம மூன்றும் போதும்: படம், மடம், பட்டம். மகரத்தில் புள்ளி வைக்கக் கற்ற அன்றைக்கே பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசித்துவிடுகிறது. 'அ, ஆ, இ, ஈ' முழுவதையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்று காத்திருந்தால் அந்தச் சந்தோஷம் பல வாரம் தள்ளிப்போகிறது.

எழுத்து முடிந்த பிறகுதான் தமிழின் உண்மையான கஷ்டம் வருகிறது: சொல்லின் நீளம். 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பதை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டு வந்தால் கடைசி எழுத்தை எட்டும்போது முதல் எழுத்து மறந்துபோயிருக்கும். இதை 'போய்க்கொண்டு, இருந்தவர்கள், இடமிருந்து' என்று துண்டாகப் பார்க்கப் பழக வேண்டும். இந்தப் பழக்கம் மலாய்க்கு அப்படியே கை கொடுக்கும். அங்கே 'பாச்சா' என்றால் வாசி. முன்னால் ஒட்டு சேர்த்து 'மெம்பாச்சா' என்றால் வாசிக்கும் செயல், 'பெம்பாச்சா' என்றால் வாசகர், பின்னால் சேர்த்து 'பாச்சாஆன்' என்றால் வாசிப்பதற்கான பகுதி. தமிழில் பின்னால் மட்டும் ஒட்டும், மலாயில் முன்னாலும் ஒட்டும். வேர் எது என்று தேடும் கண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மொழி விட்டு மொழி தாவி வருபவை இப்படிப்பட்டவை: ஒலிகளைக் காதால் பிரிக்கும் திறன், துண்டுகளைச் சேர்க்கும் திறன், சொல்லின் வேரைத் தேடுவது, ஒரு பத்தி புரியாவிட்டால் திரும்பிப் போய்ப் படிப்பது. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1970களின் இறுதியிலிருந்து இதைத்தான் வலியுறுத்தி வந்தார்: முதல் மொழியில் ஊன்றிய வாசிப்பு இரண்டாம் மொழிக்கு உதவுமே தவிரக் கெடுக்காது. தாவி வராதவை எழுத்துக்கும் ஒலிக்குமான கணக்கும், சொல்வளமும். இவற்றை ஒவ்வொரு மொழிக்கும் புதிதாகத்தான் உட்கார்ந்து கற்க வேண்டும். வீட்டில் 'சாப்பிடுறேன்' என்று மட்டுமே கேட்ட பிள்ளைக்குப் புத்தகத்தின் 'சாப்பிடுகிறேன்' என்பதே பாதி அயல்மொழி. தமிழ்க் கதைகளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது இதற்காகவே அவசியம். எழுத்துத் தமிழ் கண்ணுக்கு வருமுன் காதுக்கு வந்துவிட வேண்டும்.

ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினால் எந்தப் பாதியில் சிக்கல் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அதன் வகுப்புக்கு ஏற்ற ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள். நீங்கள் வாசித்தபோது புரிந்து, தானே வாசித்தபோது புரியாவிட்டால் எழுத்தில் சிக்கல். நீங்கள் வாசித்தும் புரியாவிட்டால் மொழியில் சிக்கல். அந்தப் பிள்ளைக்கு எழுத்து அட்டையைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பயனில்லை, பேச்சும் கதையும் வேண்டும். இதை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஏனென்றால் ஒரே பிள்ளைக்கு விடை மொழிக்கு மொழி மாறலாம். ஆங்கிலம் பேசும் பெற்றோருக்குப் பிறந்து ஜப்பானில் வளர்ந்த ஒரு பையனைப் பற்றி 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆங்கிலத்தில் அவனுக்குக் கடுமையான டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்புக் குறைபாடு. ஜப்பானிய மொழியில் வயதுக்கு மேலாகவே வாசித்தான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு 'படிப்பு வராது' என்று முத்திரை குத்தியிருந்தால் அவன் கதி என்ன? அதே சோதனை மறுபக்கமும் வேலை செய்யும்: தமிழ், மலாய் போன்ற நேர்மையான எழுத்துகளிலும் ஓராண்டுக்கு மேல் ஒரு பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகவே தடவிக்கொண்டிருந்தால், சோம்பேறித்தனம் என்று திட்டாமல் டிஸ்லெக்ஸியா பற்றித் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது. அப்படிக் காட்டப் போகும்போது மூன்று மொழிகளிலும் பிள்ளை எப்படி வாசித்தது என்ற குறிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.